மௌன அஞ்சலியில் ஒரு மைக்

ஒரு வீடியோ கேமராவில் லென்ஸும் மைக்கும் ஆட்டோ லெவலும் ஒன்றாகக் குடியிருந்தன. சத்தம் குறைந்தால் ஏற்றுவதும் கூடினால் இறக்குவதும் ஆட்டோ லெவலின் வேலை. யாராவது சும்மா இருந்தால் அதற்குப் பொறுக்காது.

சங்கத் தலைவர் ஒருவர் காலமாகி, இரங்கல் கூட்டம் நடந்தது. மௌன அஞ்சலி என்றதும் அரங்கம் அடங்கியது.

“என்ன மைக்கண்ணே, தூங்கிட்டீங்களா? ஒண்ணுமே வரலையே” என்றது ஆட்டோ லெவல்.

“எல்லாரும் தலை குனிஞ்சு நிக்கிறாங்கப்பா. பேசாம இரு” என்றது லென்ஸ்.

முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் கிசுகிசுத்தது மைக்கின் காதில் விழுந்திருந்தது. அதை அந்த அளவிலேயே விட்டுவிடத்தான் அதற்கு ஆசை. ஆட்டோ லெவல் விடவில்லை, ஏற்றிக்கொண்டே போனது.

மறுநாள் தலைவர் வீட்டில் எல்லாரும் கூடி அந்தப் பதிவைப் பார்த்தார்கள். குனிந்த தலைகளுக்கு நடுவே, மேடைப் பேச்சைவிடத் தெளிவாக ஒரு குரல் கேட்டது: “அடுத்த தலைவர் நீங்கதானே?”

அதன் பிறகு வந்த இரங்கல் கூட்டங்களில் கேமராமேன் ஆட்டோ லெவலை அணைத்துவைத்தார். மௌன அஞ்சலி மௌனமாகவே பதிவானது. மைக்குக்கு மட்டும் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.