இரவல் குரல்

கடல் கடந்த நூலகம் ஒன்றிலிருந்து மலாவி நாட்டு மங்கோச்சியிலுள்ள எங்கள் நூலகத்துக்கு அந்த ஒலிநாடா இரவலாக வந்தது. மூன்று வாரக் கெடு. பிரதி எடுக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊரில் பதிவுசெய்து கொண்டுபோன பாட்டு அது. சோளம் இடித்தபடி பாடுகிறவள், சந்தையில் கருவாடு விற்கும் எலுபியின் அம்மா. அந்த அம்மா இறந்து வெகுகாலமாகிறது.

எலுபி தினமும் வந்து, கருவாட்டுக் கூடையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டாள்.

கடைசி நாள், "நாளைக்கு அனுப்பியாகணும் அக்கா. கெடு தப்பினா இனிமே எதுவும் தரமாட்டாங்க" என்றேன்.

"அவங்க கொண்டுபோய் எத்தன வருசமாச்சு? அவங்களுக்கு யாரு கெடு வச்சா?" என்றவள் ஹெட்போனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.

பூட்டுவதற்காக நான் வந்தபோது நாடா ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி. கூடை அங்கேயே இருந்தது. மறுநாள் நாடாவை அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தது: நாடா பத்திரமாகச் சேர்ந்தது. பாடுவது ஒரு பெண் என்று தவறாகக் குறித்திருந்தோம். இருவர் என்று திருத்திவிட்டோம்.

அம்மாவைத் தேடி எலுபியின் மகள் வந்தாள். கூடையோடு அந்த நாடாவுக்கான இரவல் விண்ணப்பத்தையும் அவளிடம் கொடுத்தேன்.

"மூணு வாரம் தருவாங்கம்மா" என்றேன்.