பன்னிரண்டு மணிக்கு ஒரு பெயர்

“சரியா பன்னெண்டு மணிக்கு லைவ்ல வாரேன். லினக்ஸத் தூக்குனது யாருன்னு பேரோட சொல்றேன்” என்று காலையிலேயே சேனலில் போட்டுவிட்டான் உதயசூரியன்.

அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். ஆனால் யூடியூபில், லினக்ஸின் சின்னமான பென்குயினை வைத்து, அவன் பெயர் பென்குயின் அண்ணன். ஊரே கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டு கேம் ஆட, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸில்தான் ஆடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற நாற்பதாயிரம் பேருக்கு அவன் சொல்வதுதான் தீர்ப்பு. எந்த கேம் கம்பெனி எதை அறிவித்தாலும் அன்றைக்கே இவன் வீடியோ வந்துவிடும். பாதி வீடியோ திட்டு; மீதிப் பாதியும் திட்டுதான்.

இந்தத் தடவை கோபம் கூடுதல். சென்னையில் பனங்காடை கேம்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி, ‘கோட்டைக் காவல்’ என்ற கேமை இலவசமாக விட்டிருந்தது. தமிழில் பேசும், லினக்ஸிலும் ஓடும். தானே செய்த மாதிரி அதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான் உதயசூரியன். நேற்று அறிவிப்பு வந்தது, இனிமேல் லினக்ஸில் கிடையாது என்று. கீழே லினக்ஸ் பிரிவுப் பொறுப்பாளர் என்று ஒரு பெயர்: அ. ஃபெமினா. விசாரித்தால், பக்கத்து ஆவூர்ப் பெண்.

போன வருஷமும் இப்படித்தான் வேறொரு கம்பெனிக்காரர் பெயரை லைவில் சொன்னான். நாற்பதாயிரம் பேரில் நானூறு பேர் கிளம்பினால் போதாதா? அந்த மனிதர் போன் நம்பரை மாற்றிப் பார்த்தார், கடைசியில் வேலையையே விட்டுவிட்டார். உதயசூரியனுக்கு அது இன்னும் உள்ளுக்குள் உறுத்துகிறதுதான். அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

“ஆதார்னா சர்வர் இல்லம்மா. நாளைக்கு வாங்க.”

“ஆதார் இல்லண்ணே. நான் ஃபெமினா.”

மைக்கை மேசையில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“பேரச் சொல்ல வேணாம்னு கேக்க வந்தீங்களா?”

“ஆமாண்ணே. அறிவிப்பு வந்ததுமே ராத்திரி பஸ் புடிச்சு ஊருக்கு வந்துட்டேன். ஆவூர்ல அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்காங்க. அறிவிப்ப அடிவரைக்கும் யாரும் படிக்க மாட்டாங்க; நீங்க சொன்னாத்தான் கண்டவங்களும் போன் போட்டுத் திட்டுவாங்க. அவங்க தாங்க மாட்டாங்க.”

“அத லினக்ஸத் தூக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

“தூக்குனது ஆபீஸ்ண்ணே. நான் வேணாம்னு மூணு மாசம் கெஞ்சுனேன்.”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்பிடித்தான் பேசுவாங்க. அடியில இருக்கிற பேரு ஒங்களுதா, இல்லையா?”

“என்னுதுதான்.”

“அப்பறம் என்ன?”

மணி பதினொன்று ஐம்பது. திரையில் ஆறாயிரம் பேர் காத்திருந்தார்கள். ‘பேரு, பேரு’ என்று கமெண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளும் அதைப் பார்த்தாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“லினக்ஸ்ல எத்தன பேரு ஆடுறாங்கன்னு கணக்கு காட்டச் சொன்னாங்கண்ணே. ஆயிரம் பேரு இருந்தா விட்டுருவோம்னாங்க.”

“என் ஆளுங்களே நாப்பதாயிரம். எத்தன வந்துச்சாம்?”

“பதினோரு பேரு. அதுல ஒண்ணு நான், இன்னொண்ணு எங்க அண்ணன்.”

உதயசூரியன் சிரித்தே விட்டான். “பொய்யச் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்மா.”

அவள் தன் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு அவன் முன்னால் வைத்தாள். அவனுடைய வீடியோதான். இரண்டு லட்சம் பேர் பார்த்தது.

“மக்களே, கோட்டைக் காவலத் தொறந்ததும் மொதல்ல ஒரு கட்டம் வரும். ‘விவரம் அனுப்பலாமா’ன்னு கேக்கும். யாரும் அனுப்பாதீங்க. டிக்க எடுத்து விட்டுருங்க. நம்மள எவனும் வேவு பாக்கக் கூடாது.”

“அந்தக் கட்டத்துல வேற ஒண்ணும் போகாதுண்ணே. விண்டோஸா, லினக்ஸாங்கிறது மட்டும்தான் போகும். அத வச்சுத்தான் நாங்க தலை எண்ணுறோம்.”

உதயசூரியன் டிக்கை எடுத்துவிடச் சொன்ன தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு கெத்தாகச் சொல்லியிருக்கிறான்.

“இது ஒங்க ஆபீசுக்குத் தெரியுமா?”

“முடிவு எடுத்தப்பறம்தான் இந்த வீடியோ எங்க கண்ணுல பட்டுச்சு. காட்டுனேன். எண்ணிக்கையில வராத ஆளுங்களுக்காக வேல பாக்க முடியாதுன்னுட்டாங்க. அறிவிப்புல காரணம்னு ஒங்க சேனல் பேரப் போடச் சொன்னாங்க.”

“போடலயே?”

“நான்தான் வேணாம்னேன். யாரு பேராவது வேணும்னாங்க. என் பேரப் போட்டேன்.”

“ஏம்மா?”

“பேரு வெளிய வந்தா என்ன ஆகும்னு போன வருஷம் பாத்தேன்லண்ணே.”

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம்” என்று போனை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போய்விட்டாள்.

மணி பன்னிரண்டு. காத்திருந்தவர்கள் ஒன்பதாயிரமாகியிருந்தார்கள். உதயசூரியன் பொத்தானை அழுத்தினான். எப்போதும் கும்பிடு போட்டுச் சிரிப்பவன், இன்று இரண்டையும் மறந்துவிட்டான்.

“மக்களே, லினக்ஸத் தூக்குன ஆளு பேரச் சொல்றேன்னு சொன்னேன்ல?”

செருமிக்கொண்டான். வெளியே ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் இன்னும் வரவில்லை.

“பேரு உதயசூரியன். ஊரு அன்னவாசல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கட வச்சிருக்கான்.”