பொழுது சாய்வதற்குள்

"நாலு மணி நேரந்தானுங்க மாமா. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல அவ்வளவுதான்" என்றான் விஷ்ணு.

ராஜதுரை காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையாக வரப்போகிறவன், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவது மாதிரியல்லவா சொல்கிறான்! மூவாயிரம் கிலோமீட்டர். நடுவில் கடல் வேறு.

ஆர்த்தி அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. கல்யாணம் செய்தால் விஷ்ணுவைத்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பையன் தங்கமான பையன், அதில் சந்தேகமில்லை. தூரம்தான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். கொல்லிமலை மேலே குண்டூர் நாட்டில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு, "இது சரிப்படாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்றுதான் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருந்தார்.

வந்த இடத்தில் பலாச்சுளையும் காப்பியும் கொடுத்து வாயைக் கட்டிவிட்டார்கள்.

ஆனாலும் விடவில்லை அவர். பறப்பது நாலு மணி நேரம், சரி. ஏர்போர்ட்டில் காத்துக் கிடப்பது யார் கணக்கு? மலைப்பாதையில் கார் ஊர்ந்து போவது யார் கணக்கு? விஷ்ணு சலிக்காமல் செல்போனில் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டினான். சிங்கப்பூரில் வேலை பார்த்தவன், விமான நேரமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கூட்டிக் கழித்தால் பத்து மணி நேரம் வந்தது.

"பத்து மணி நேரம்!" என்றார் ராஜதுரை. "ராத்திரி அவளுக்கு ஒரு காய்ச்சல்னா, நான் எப்ப வந்து பாக்கிறது?"

விஷ்ணு செல்போனைக் கீழே வைத்தான். பக்கத்தில் பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்த அவன் அம்மா பெருமாயி நிமிர்ந்தாள்.

"ஏனுங்கண்ணா, நான் பொறந்த ஊடு இதே மலையில திருப்புலி நாடு. என்னையக் கட்டிக் குடுக்கறப்ப ரோடு கெடையாது. விடியறப்பக் கஞ்சி குடிச்சுட்டு நடந்தாருன்னா, பொழுது சாயறப்பத்தான் இங்க வந்து சேருவாரு எங்கப்பா. கிலோமீட்டரெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா, எங்க மலையில அது கிட்டத்து ஊரு. அங்க பொண்ணு குடுக்கலாமுங்க."

ராஜதுரை மனசுக்குள் விரல் விட்டு எண்ணினார். விடியலில் கிளம்பினால், பத்து மணி நேரம். அட, பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்! வந்ததிலிருந்து முதல் முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கியே விட்டது.

"என் பொண்ணைக் கண் கலங்காம பாத்துக்கணும்" என்று விஷ்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெருமாயி எழுந்து போய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தாள்.

கையோடு மகளுக்கு போன் போட்டார்.

"ஆர்த்தி, அப்பாவுக்குப் பூரண சம்மதம். நாளைக்கு சிங்கப்பூருக்குத் திரும்பி வந்துடறேன், அதுக்குள்ள நீ ஆபீஸ்ல ராஜினாமா எழுதிக் குடுத்துடு. மாப்பிள்ளை மிளகுத் தோட்டத்தை விட்டு நகர மாட்டாராம். இனிமே கொல்லிமலைதான் உனக்கு ஊர்."