தாம்பரத்து ஆளுங்க

காலை எட்டு மணி. தாம்பரத்திலிருந்து பீச் போகும் எலெக்ட்ரிக் ரயில் கிளம்பத் தயாராக நின்றது.

எதிரெதிர் இருக்கைகளில் ஏழு பேர். எட்டாவது இடத்தில் அவர்களுடைய டிபன் பைகள். பைகளை மெதுவாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார் சிட்டிபாபு. முட்டி ஆபரேஷன் முடிந்து அன்றுதான் வேலைக்குப் போகிறார்.

"ஹலோ, யார் நீங்க? ரிட்டர்னா?" என்று எகிறினார் தோத்தாத்ரி. கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். யாரும் ஓட்டுப் போடவில்லை. குரல் பெரிசு, அவ்வளவுதான்.

'ரிட்டர்ன்' என்பது அந்த ரயிலில் கெட்ட வார்த்தை. குரோம்பேட்டை, பல்லாவரத்துக்காரர்கள் சிலர் எதிர் வண்டியில் தாம்பரம் வந்து, இடம் பிடித்து, அப்படியே திரும்பிப் போவார்கள். தாம்பரம் வரைக்கும் சீசன் டிக்கெட்டும் இருக்காது.

"இன்னா சார் நீ? என் வூடு ஸ்டேஷனுக்குப் பின்னாலதான் கீது."

"எல்லா ரிட்டர்னும் இதைத்தான் சொல்றான்!"

"முட்டி வலிக்குது சார்..."

"முட்டி எங்களுக்கும்தான் இருக்கு. முதல்ல சீசனைக் காட்டுங்க!"

"காட்டுங்க!" என்றார்கள் மற்ற ஆறு பேரும். தனித்தனியாகப் பார்த்தால் ஏழு பேருமே வீட்டில் வாயைத் திறக்காத சாதுக்கள்தான்.

சிட்டிபாபு சட்டைப்பையைத் துழாவினார். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கத்தினார்கள்.

"செக்கிங்!"

சீசனை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே ஒருவரும் இல்லை. மறுபக்கக் கதவு வழியாக ஏழு பேரும் மாயம். டிபன் பைகளும், இடம் போகாமலிருக்க இருக்கைகளில் போட்ட ஏழு கர்சீப்பும் மட்டும் கிடந்தன.

டி.டி.ஆர். வந்தார். சிட்டிபாபுவின் சீசனைப் பார்த்தார்.

"தாம்பரம். சரி. இந்த கர்சீப்பெல்லாம் யாருது?"

சிட்டிபாபுவுக்கு ஆத்திரம்தான். ஜன்னல் வழியே பார்த்தார். தூணுக்குப் பின்னால் தோத்தாத்ரி, கும்பிடாத குறையாக நின்றார். பாவமாக இருந்தது.

"நம்ம தாம்பரத்து ஆளுங்கதான் சார். டீ குடிக்கப் போய்க்கீறாங்க."

டி.டி.ஆர். நகர்ந்ததும் ஏழு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறினார்கள்.

"சாரி அண்ணா. எனக்கு... குரோம்பேட்டை" என்றார் தோத்தாத்ரி. மற்றவர்கள் ஊரைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சிட்டிபாபுவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மறுநாளிலிருந்து எட்டாவது கர்சீப்பும் விழுந்தது. ஏழு டிபன் பாக்ஸிலும் அவருக்குப் பங்கு.

அடுத்த திங்கட்கிழமை. மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று ஓரமாக உட்காரப் பார்த்தார்.

தோத்தாத்ரி வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

"இன்னா, ரிட்டர்னா? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் தாம்பரத்து ஆளுங்களுக்கு ஒரே பேஜார்!"

"டேய் சிட்டிபாபு! நான்டா, உன் எதிர் வூட்டு ஜெயவேலு!"

சிட்டிபாபு ஏற இறங்கப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல சீசனைக் காட்டு!"