வெள்ளிக்கிழமைக்குள் ஓடியாக வேண்டும்

"சரின்னு சொல்லிவிட்ட கையோட மொதல்ல கேட்டதே உங்க காரைப் பத்தித்தான் தம்பி" என்றார் தரகர் முகமது பாரூக். "வண்டி இப்ப எப்படி இருக்குன்னு ரெண்டு தடவை கேட்டாரு."

பக்ருதீனுக்குத் தலைகால் புரியவில்லை. பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வருங்கால மாமனார் காரையல்லவா விசாரித்திருக்கிறார்.

பெண் தாஹிரா. வத்தலக்குண்டில் மலைவாழை மண்டி வைத்திருக்கும் ஜமால் முகமது ராவுத்தரின் ஒரே மகள். ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்த நாளிலிருந்து பக்ருதீனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று முறை ஆள் அனுப்பியும் ஆறு மாதமாகப் பிடி கொடுக்காத மனிதர், இப்போது தானாகவே சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் வருகிறாராம். பேசி முடித்துவிட்டு ஜும்மாவுக்குப் போகலாமாம். எல்லாம் தான் தர்காவில் வேண்டிக்கொண்டதன் பலன் என்றாள் பக்ருதீனின் அம்மா நஜ்முன்னிசா.

பக்ருதீனுக்கோ வேறு கவலை. அந்தக் கார் மூன்று வாரமாக ஷெட்டில் படுத்துக் கிடந்தது.

கொடைக்கானல் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறிய ஒரு துரையிடம் வாங்கிய பந்தயக் கார் அது. நல்ல சிவப்பு, மடக்குக் கூரை, இரண்டே பேர் உட்காரலாம். தாஹிரா ஜன்னலில் தெரிவாளா என்று வத்தலக்குண்டு கடைவீதியில் அதைப் பறக்கவிட்டதற்கு ஒரு கணக்கே இல்லை. அவள் ஒரு நாளும் தெரிந்ததில்லை. மண்டி வாசலில் அவளுடைய அத்தா ஜமால் முகமதுதான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

லாரி மெக்கானிக் சோலைமுத்து வந்து பானெட்டைத் திறந்தான். செத்த நேரம் பார்த்துவிட்டு மூடிவிட்டான்.

"லாரின்னா கண்ணைக் கட்டிக்கிட்டு செய்வேன் பாய். இதுல ரெண்டு கார்பரேட்டர் இருக்கு. ரெண்டும் ஒரே அளவா காத்து இழுக்கணும். ஒண்ணு கூடி ஒண்ணு கொறஞ்சா இப்படித்தான் இருமிக்கிட்டே நின்னு போகும். மதுரைக்கு அனுப்பிருங்க."

"எத்தனை நாளாகும்?"

"பத்து நாள். அதுவும் அவன் மனசு வச்சா."

"நானே கை வச்சா என்ன?"

"வைக்கலாம். கழட்டுறது சுளுவு பாய். திருப்பி மாட்டத் தெரியலைன்னா, மதுரைக்குக் கூடையிலதான் அள்ளிக்கிட்டுப் போகணும்."

அன்று செவ்வாய்க்கிழமை. பக்ருதீன் ஷெட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தான். கை வைக்காவிட்டால் மாமனாருக்கு ஓடாத காரைத்தான் காட்ட வேண்டும். கை வைத்துக் கெடுத்தால் அந்தக் காரும் போய்விடும். கார் போனால் தாஹிராவும் போய்விடுவாள்.

"அது கெடந்துட்டுப் போகுது" என்றாள் அம்மா. "அவரு உன்னையப் பார்க்க வாராரா, வண்டியப் பார்க்க வாராரா?"

"ரெண்டையும்தாம்மா" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றினான் பக்ருதீன்.

காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டான். கழற்றிய சாமானையெல்லாம் அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பில் வரிசையாக அடுக்கினான். ஒவ்வொன்றையும் பெட்ரோலில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே மாட்டினான். எப்படியோ மிச்சம் ஒன்றும் விழவில்லை.

அதன்பிறகுதான் உண்மையான வேலை. இருமி இருமி ஓடிய எஞ்சினில், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்துக் காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே சத்தமாகும்வரை திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருக வேண்டும். புதன்கிழமை முழுவதும் புகைதான் வந்தது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு சத்தமும் ஒன்றாயின. சோலைமுத்து வந்து காது கொடுத்துக் கேட்டான். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"பாய், இனிமே என் லாரிக்கும் உங்களத்தான் கூப்பிடணும்."

வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றபோது, பஸ் ஸ்டாண்டு வாசலில் சிவப்புக் கார் பளபளவென்று நின்றது. இறங்கிய ஜமால் முகமது அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஓடுதா?"

"உங்களுக்காகவே மூணு நாளா நானே உட்கார்ந்து சரி பண்ணேன் மாமு. ஏறுங்க."

நேரே வீட்டுக்கு வந்தால் ஐந்து நிமிஷம். பக்ருதீன் மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தான். வளைவுகளில் கார் தரையைத் தொட்டதா என்பதே சந்தேகம். ஒரு கை தொப்பியிலும் ஒரு கை கதவிலுமாக மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். மனிதர் மெய்மறந்துவிட்டார் என்று பக்ருதீனுக்கு உள்ளம் குளிர்ந்தது.

வீட்டில் நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். அவர் தண்ணீர் மட்டும் கேட்டார். இரண்டு செம்பு குடித்தார்.

"நிக்காஹுக்குத் தேதி குறிச்சிருவமாண்ணே?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள் நஜ்முன்னிசா.

ஜமால் முகமது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்ருதீனைப் பார்த்தார். "இனிமே அது ரிப்பேராகி நிக்காதா தம்பி?"

"ஆயுசுக்கும் நிக்காது மாமு. நான் பொறுப்பு" என்று பக்ருதீன் நெஞ்சில் கை வைத்தான்.

அவர் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினார்.

"அது இனிமே ஓடாதுன்னு கேள்விப்பட்டுத்தாம்ப்பா பொண்ணு தரவே ஒத்துக்கிட்டேன்."