பிரபு துடைத்த கண்ணாடி

"மெஷின் தப்பா எதுவும் பண்ணலக்கா. அதை உங்களுக்குப் புரிய வைக்கத்தான் வந்தேன்" என்றான் சைபுல்லா.

ராஜாத்தி நிமிரவில்லை. அவள் மடியில் கம்பெனி கொடுத்தனுப்பிய தாள் கிடந்தது. ‘ஓடும் இயந்திரத்தினுள் நுழைந்த தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்’ என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். கணவன் பிரபுவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது நேற்றுத்தான்.

"அவரு கவனமில்லாத ஆளு இல்ல சார். அப்படி எழுதுன தாள்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நாளைக்கு எம் பொண்ணு படிப்பா."

"நீ போடாட்டி எழுதுனது அழிஞ்சுடுமா?" என்றார் வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமனார் துரைராசு. பிறகு சைபுல்லா பக்கம் திரும்பினார். "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. மோட்டாருக்கு மூடி மாட்டுற மெஷின், எம் புள்ள நெஞ்சுல எதை மாட்டப் போச்சு?"

வலங்கைமான் சாலையில் இருக்கும் பம்ப் மோட்டார் தொழிற்சாலையில் அந்த ரோபோவுக்குப் புரோகிராம் எழுதியவன் சைபுல்லா. அதனால்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். விளக்கிச் சொல்வது அவனுக்குப் பிடித்த வேலை. துக்க வீட்டிலும் கைகள் தாமாக எழுந்தன. குடிக்கக் கொடுத்த தண்ணீர்ச் செம்பை நடுவில் வைத்தான்.

"இதுதான் மோட்டார். பெல்ட்ல வரிசையா வரும். ஆனா எல்லாம் ஒரே மாதிரி நிக்காது. ஒண்ணு ரெண்டு விரல் தள்ளி நிக்கும், இன்னொண்ணு லேசாத் திரும்பியிருக்கும். மேல ஒரு கேமரா. அது படம் எடுத்து, மோட்டார்ல இருக்கிற நாலு ஓட்டையைத் தேடும். நாலும் எங்கன்னு தெரிஞ்சா, மோட்டார் எவ்வளவு தள்ளியிருக்கு, எவ்வளவு திரும்பியிருக்குன்னு கணக்கு வந்துடும். அந்தக் கணக்கு ரோபோ கைக்குப் போகும். கை மூடியைக் கொண்டாந்து ஓட்டை மேல ஓட்டையா உக்கார வைக்கும். மயிரிழை பிசகாது."

"அவ்வளவு பாக்குறது, ஆளைப் பாக்காதா?"

"நாலு ஓட்டையைத் தவிர அதுக்கு எதுவும் தெரியாது ஐயா. ஆளுன்னா என்னன்னு யாரும் அதுக்குக் காட்டல. அதனாலதான் சுத்தி வேலி போட்டிருக்கு. கதவைத் திறந்தா மொத்தமும் ஆஃப் ஆயிடும்."

"பின்ன அவன் எப்படி உள்ள போனான்?"

"அறுப்பு நேரமில்லையா ஐயா? பக்கத்து வயல்ல மெஷின் அறுக்கும்போது நெல்லுச் சுணை தூசியாப் பறந்து வந்து கேமராக் கண்ணாடியில படிஞ்சிடும். ஓட்டை தெரியலன்னா கை பாதியில நின்னுடும். யாராச்சும் போய்த் துடைக்கணும். கதவைத் திறந்து போனா, மறுபடி ஓட்ட இருபது நிமிஷம் ஆவும். அதனால பெல்ட் நுழையுற சந்து வழியாப் பூந்துடுறாங்க."

"பூந்துடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ராஜாத்தி.

"எல்லாருக்கும் தெரியும்க்கா."

"சூப்பர்வைசருக்கும்?"

"அவருதான் அவசரப்படுத்துவாரு."

"அதை மட்டும் தாள்ல காணோமே."

சைபுல்லாவின் குரல் தாழ்ந்தது. "இருந்தாலும் கை நிக்கிற வரைக்கும் பொறுத்திருக்கணும்க்கா. லேசா மங்கினதுமே துடைச்சிடலாம்னு, ஓடிக்கிட்டிருக்கிறப்பவே போயிட்டாரு. அது ஒண்ணுதான் அவரு செஞ்ச தப்பு."

ராஜாத்தி எழுந்து உள்ளே போனாள். பேனா எடுக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் கொண்டுவந்தது ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பை.

"அவரு சட்டைப்பையில இருந்ததுன்னு குடுத்தாங்க."

அதிலிருந்து பச்சைத் தலை வைத்த சின்னச் சாவி ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"கை நின்னுபோனா, இதைப் போட்டுத் திருப்புனாத்தான் மறுபடி கெளம்பும்னு சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும் அது நின்னதைப் பாத்துட்டு, சாவியை உருவிப் பையில போட்டுக்கிட்டுத்தான் உள்ள போவேன், நீ பயப்படாதேம்பாரு. நீங்கதானே புரோகிராம் எழுதுனீங்க, நீங்களே சொல்லுங்க சார். சாவி அவரு பையில இருக்கிறப்ப, அது எப்படிக் கெளம்பும்?"

துரைராசுவும் அவன் முகத்தையே பார்த்தார்.

பிரபு இறந்த அன்று காலை வரை கிளம்பாதுதான். மணிக்கு நாலு தடவை சாவி திருப்ப ஆள் ஓடிவர வேண்டாமே என்று, கண்ணாடியைத் துடைத்த அந்த நொடியே கை தானாகக் கிளம்பும்படி அவன் மாற்றி எழுதியிருந்தான். காலை ஷிப்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னவன், இரண்டு மணிக்கு வேலைக்கு வந்த பிரபுவிடம் மட்டும் சொல்லவில்லை.