தோளில் நான்கு விரல்கள்

"இந்த விரலுங்கள மட்டும் எடுத்துடுப்பா."

சிம்ரன் கணினித் திரையை நகத்தால் தட்டிக் காட்டினாள்.

திரையில் அவள் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கேமராவைப் பார்க்காமல், படத்துக்கு வெளியே எதையோ பார்த்து ஒரு சிரிப்பு. தோளின் மேல் நான்கு விரல்கள், ஆட்டத்தில் கொஞ்சம் மங்கி. அதோடு படத்தின் விளிம்பு வந்துவிடுகிறது.

நாளைக்குக் காரியம். மதியத்துக்குள் கொடுத்தால் ஃப்ரேம் போட்டுத் தந்துவிடுவதாக ரஷீத் பாய் சொல்லியிருந்தார்.

விரல்களை அழிப்பது எனக்குப் பழகிய வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவனிடம் இறந்தவர்களின் படம் பாதிக்கு மேல் கல்யாண குரூப் ஃபோட்டோவாகத்தான் வரும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீலம் அடித்து, தோளில் தங்கிவிட்ட மச்சான் கையையோ பேத்தி கையையோ துடைத்துவிட்டுக் கொடுப்பேன்.

உயிரோடு இருப்பவரின் கை மாலைக்குள் இருக்கக் கூடாது. இதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஊருக்கெல்லாம் படம் புடிக்கிற. அம்மாவுக்கு ஒரு நல்ல படம் இல்லியாப்பா உங்கிட்ட?"

இருக்கிறது. ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

பட்டுக் கடைகளுக்குப் புதுச் சேலைகளைப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. பொம்மைக்குக் கட்டினால் சேலை விறைத்துக்கொண்டு நிற்கும். என் வீட்டுக்காரி ரேணுகாம்பாள் தோளில் போட்டால் சரிகை தானாகப் படிந்து உட்காரும். ஆனால் கடைக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: "முகம் வேணாம்பா. சேலை தெரிஞ்சா போதும்."

அதனால் எல்லாப் படமும் கழுத்தோடு நின்றுவிடும். எடுத்த பிறகு வெட்டியது இல்லை. அவள் முகம் என் கேமராவுக்குள் வரவே இல்லை.

கேமரா பார்க்காத அந்த இடத்தில் அவள் என்னென்னவோ செய்வாள். நாக்கைத் துருத்துவாள். முதலாளி வெற்றிலை மெல்லுவது போல மென்று காட்டுவாள். எனக்குச் சிரிப்பு வந்து கை ஆடிவிடும்.

"ஒழுங்கா நில்லுடி. சேலை மங்கலா வந்தா முதலாளி உன் தலைய எடுத்துடுவாரு."

"அதத்தான் எப்பவோ எடுத்துட்டாரேய்யா. இனிமே எதை எடுக்கப் போறாரு?"

படம் எடுத்து முடித்ததும் சேலையை மடித்துக் கொடுத்துவிட வேண்டும். அவள் தன் பழைய பூப்போட்ட சேலைக்கு மாறிக்கொண்டு, உலை வைக்கப் போய்விடுவாள்.

போன வாரம் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று தோளைப் பார்த்தே என்னால் சொல்ல முடிகிறது.

ஆனால் தோளுக்கு மாலை போட முடியுமா?

சிம்ரனின் ஃபோனில் இருந்த படங்களில் அவள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். என் மூஞ்சிக்குப் படம் பழக்கமில்லடி என்பாள். ஆதார் அட்டையில் இருந்தது யாரோ. கல்யாணப் படத்தில் இருந்த சின்னப் பெண்ணுக்கு மாலை போட எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

மிஞ்சியது இது ஒன்றுதான். தாமல் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் விழுந்த வருஷம் எடுத்தது. சிம்ரன் அப்போது ஹாஸ்டலில் இருந்தாள்.

"யாரு கைப்பா இது? பெரிம்மாவா?"

நான் மவுஸைப் பிடித்தேன்.

முதலில் சுண்டுவிரல் போனது. பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகப் போய், அந்த இடத்தில் சேலையின் பூக்கள் வந்து உட்கார்ந்தன. அழித்த சுவடே இல்லை. நன்றாகத்தான் செய்திருந்தேன்.

தோள் காலியாக இருந்தது. அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்றே இப்போது தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் சிம்ரன் கைக்குழந்தையோடு ஓசூருக்குத் திரும்பிவிடுவாள். இந்தப் படத்தோடு இருக்கப்போவது நான்தான்.

அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன். நான்கு விரல்களும் மறுபடி தோளைப் பிடித்துக்கொண்டன.

"இன்னாப்பா பண்ற?"

"இருக்கட்டும்மா."

"யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்கணும்ல? மாலைக்குள்ள கைய வெச்சா ஆவாதுப்பா. அவங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"கேட்டுட்டேன். அவருக்கு ஒண்ணும் இல்லியாம்."

உள்ளே குழந்தை அழுதது. அவள் எழுந்து போனாள்.

ஏரிக்குப் போன அன்றைக்கு ரேணுகாம்பாள்தான் பிடிவாதம் பிடித்தாள். "ஒரே ஒரு படத்துலயாவது என் பக்கத்துல வந்து உக்காருய்யா." கேமராவைக் கல்லின் மேல் வைத்து, டைமரை அழுத்திவிட்டு ஓடினேன். பாசி வழுக்கியது. விழப்போனவன் எட்டிப் பிடித்தது அவள் தோளை.

பத்து விநாடிக்குள் அவளிடம் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.